முன்விரோதம் காரணமாக

நான்கு வரிச் செய்தி. நான்தான் அனுப்பினேன்.
ஓலக்காட்டுவலசில் பங்காளிகள் மோதல்,
மண்வெட்டி, ஒருவருக்கு மண்டையில் பதினோரு தையல்,
முன்விரோதம் காரணமாக என்று போலீசார் தெரிவித்தனர்.

பத்தொன்பது வருடமாகச் சட்டைப்பையில் கிடக்கும் சாவி அது.
எல்லாப் பூட்டிலும் நுழையும்.
எதையும் திறக்காது.

காங்கயம் ஆஸ்பத்திரியில், கட்டுக்குக் கீழே
ஒற்றைக் கண்ணால் நல்லசிவம் என்னைப் பார்த்துக் கேட்டார்:
"விரோதம் செரிங்க.
முன்னாடீன்னா எத்தனை முன்னாடிங்க?"

போன மாசம் என்று எழுதலாம்.
வேலிக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு அடி தள்ளி
திருச்செங்கோட்டு வண்டி வந்து நின்ற இரவு.
வண்டிக்கார அர்த்தநாரி நோட்டில் குறித்திருக்கிறார்:
ஆறடி மண். பாறை. பாறை.
நானூற்றுப் பத்தில் ஈரம்.
பாறை.
ஆயிரத்து இருநூற்று நாற்பதில் ஒன்றரை இஞ்சுத் தண்ணி.
மறுநாள் காலை நல்லசிவத்தின் மோட்டார்
காற்றைக் குடித்து இருமியது.

இன்னும் முன்னே?
தென்னை வைத்த வருடம். கடன் கிடைத்த வருடம்.
அதற்கு முன் அந்த ஆறு ஏக்கர்
கிளுவை வேலிக்குள் கொறங்காடு,
கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும்,
மழை பெய்தால் சந்தோஷம், பெய்யாவிட்டாலும் செம்மறி.
வாய்க்கால் வருகிறது என்றார்கள்.
வந்தது. ஆனால் கடைமடை.
இங்கே வந்து சேரும்போது அது தண்ணீரைப் பற்றிய தகவல்.

இன்னும் முன்னே என்றால் காற்று.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற விருந்தாளி
மழையைச் செருப்பு மாதிரி
மலைக்கு அந்தப் பக்கமே கழற்றிப் போட்டுவிட்டு
வெறுங்காலோடு உள்ளே வருகிறான்.
அவனைப் பிடித்துத்தான் காற்றாலை சுற்றுகிறது,
கரண்ட் ஆகிறது, மோட்டார் ஓடுகிறது,
அவன் கொண்டுவராத தண்ணீரை
ஆயிரம் அடியில் தேடுகிறது.

அதற்கும் முன்னே பாறை.
எத்தனையோ கோடி வருடம்.
எங்கே வெடித்திருக்கிறதோ அங்கே மட்டும் ஈரம்.
வெடிப்புக்குப் பட்டா கிடையாது,
வேலிக்கு அடியில் போகும்போது அது கேட்டுக்கொண்டு போவதில்லை.

இங்கே நிறுத்திக்கொள்ள ஆசையாக இருந்தது.
குற்றவாளி பாறை; ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது;
எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் மூன்று கிலோமீட்டரில் நாட்டராயன்வலசு.
அதே பாறை, அதே காற்று, மழைமானியில் அதே அளவு.
அங்கே அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே கிணறு;
மோட்டார் ரூம் கதவில் சுண்ணாம்புக்கோடு,
இன்றைக்கு யார் முறை என்று.
மண்வெட்டி அங்கே மண்ணை மட்டும்தான் வெட்டுகிறது.

பாறை மண்வெட்டியைத் தூக்கவில்லை, சரி.
உடனே அவர்களை உத்தமர்கள் என்று எழுதிவிடாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு விசாரித்தேன்.
கூட்டுப் பட்டா.
பிரிக்காத பத்திரத்துக்கு பேங்க்கில் கடன் இல்லை.
கடன் இல்லாததால் தென்னை இல்லை,
தென்னை இல்லாததால் ஆயிரம் அடி தாகம் இல்லை.
தாசில்தார் ஆபீசில் தேங்கிப்போன ஒரு மனுதான்
அங்கே சமாதானம்.

திரும்பும் வழியில் காலனிக் குழாயடி.
ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர்;
இருபத்திரண்டு குடம் வரிசையில், ஒன்று விரிசல்.
பழனியாத்தாளிடம் கேட்டேன், சண்டை வருமா.
"நெலம் வெச்சிருந்தாத்தானுங்க
அது பேப்பர்ல வரும்" என்றாள்.
இதுவரை எழுதிய எந்த முன்னேயிலும்
அவள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நேற்று கைது. இன்னொரு நான்கு வரி.
எழுதி அனுப்பினேன். டெஸ்க்கில் இருந்து போன்:
"காரணம் விட்டுப்போச்சே?"

"விட்டுப்போகலைங்க.
நீளமா இருக்குது."

அந்தப் பக்கம் சிரிப்பு. கீபோர்டு சத்தம்.
காலையில் பேப்பரைப் பிரித்தேன்,
ஏழாம் பக்கம், கீழே, தங்கக்கடன் விளம்பரத்துக்கு மேலே:
முன்விரோதம் காரணமாக.
அவர்களிடமும் ஒரு சாவி இருந்திருக்கிறது.